லேபிள் கிழித்த கண்ணீர்

நான் அழலை, அண்ணாச்சி. முதல்ல அந்தக் கைக்குட்டையை உள்ளே வையுங்க. பாளையங்கோட்டையில ஏறினதிலிருந்து நீங்க என்னைப் பார்க்கிறதை நானும் பார்த்துக்கிட்டுத்தான் வாரேன். பாவம், எதிலயோ தோத்துட்டு வாரான் போலன்னு நினைச்சிருப்பீங்க. இது அழுகை இல்லை. காத்து. இந்த ஜன்னல் ஷட்டர் இறங்க மாட்டேங்குது, நானும் முக்கிப் பார்த்துட்டேன். கண்டக்டர்கிட்டச் சொன்னா, "தம்பி, ஏசி பஸ்ஸுன்னு நினைச்சு ஏறிட்டியோ"ங்கான். உங்களை இந்தப் பக்கம் வரச் சொல்லலாம்னா மடியில கோழிக்குஞ்சுப் பெட்டி வச்சிருக்கீங்க, காத்து பட்டா அதுக்குச் சீக்கு வந்துரும். விடுங்க. நான் இப்படித் திரும்பி உங்களைப் பார்த்து உட்கார்ந்துக்கிடுதேன். பேசுறது அதுக்காகத்தான். ஒண்ணும் பேசாம ஆரல்வாய்மொழி வரைக்கும் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?

எனக்குக் கண்ணு வறண்டு போச்சு. சிரிக்காதீங்க. வறண்ட கண்ணிலிருந்து எப்படிடே இவ்வளவு தண்ணி ஊத்துதுன்னு எல்லாரும் கேட்கத்தான் செய்தாங்க. நானும் டாக்டரம்மாகிட்ட அதைத்தான் கேட்டேன். கண்ணு மேல எப்பவும் லேசா ஒரு ஈரம் பூசினாப்ல இருக்கணுமாம். அது எனக்கு ஊறலை. ஊறலைன்னா எரியும். எரிஞ்சா உடம்பு பயந்து போயி வாளியோட கவுத்தி விடுது. அந்தத் தண்ணியால ஒரு பிரயோசனமும் கிடையாது. கன்னத்துல வழிஞ்சு போயிரும், கண்ணு மறுபடி காஞ்சிரும். மறுபடி எரியும். நாள் முழுக்க இதே வேலை.

என் பேர் ஜெனிட்டன். வயசு பத்தொன்பது. வீடு ஆரல்வாய்மொழிக்குப் பக்கம். பன்னிரண்டாவது அரைப் பரீட்சையோட நிறுத்திட்டேன். ஏன்னு கேட்காதீங்க, பிடிக்கலை, அவ்வளவுதான். எனக்கு ஓட வரும். போலீஸ் செலக்சனுக்குப் போகணும்னு எட்டாவதிலிருந்தே ஆசை. நாட்டுக்குச் சேவை, அப்படி இப்படின்னு எல்லாம் சொல்ல மாட்டேன். அந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு எங்க பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு தடவை நிற்கணும். அது போதும் எனக்கு. அங்கே எனக்கு லென்ஸுன்னு பேரு. ஆறாவதிலேயே மைனஸ் மூணு. கடைசியில மைனஸ் அஞ்சரை.

எங்க ஊர்ல ரிட்டயர்டு ஹவில்தார் ஒருத்தர் இருக்கார். காலையில பள்ளிக்கூட கிரவுண்டுல பயலுவளை ஓட விடுவார். முதல் நாள் நான் போனதும் என் கண்ணாடியைக் கழற்றிக் கையில வாங்கிக்கிட்டார்.

"அந்தா ரோட்டுல போற பஸ்ஸு எந்த ஊருக்குடே?"

"எந்த பஸ்ஸு சார்?"ன்னேன்.

இருபத்திமூணு பயலும் விழுந்து விழுந்து சிரிச்சானுவ. ஹவில்தார் மட்டும் சிரிக்கலை, என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போனார். "ஓட்டத்துல நீதான் முதல்ல வருவே. கண்ணுல உன்னை வாசல்லயே திருப்பி அனுப்பிருவான். கண்ணாடி இல்லாம போர்டைப் படிக்கணும்டே. லேசர் வச்சிட்டு வா"ன்னார்.

எங்கம்மா முந்திரிப்பருப்பு ஆபீஸ்ல கொட்டை உடைக்கிறா. அவ எப்படியோ ஏற்பாடு பண்ணினா. நான் டவுனுக்குப் போயி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டினேன். அந்த டாக்டரம்மா நல்லவங்கதான், குறை சொல்லலை. ஆனா சந்தேகப் பிராணி. ஆயிரம் டெஸ்ட். அதுல ஒண்ணு, கீழ் இமைக்குள்ள ஒரு சின்னப் பேப்பர்த் துண்டைச் சொருகி வச்சிட்டு அஞ்சு நிமிசம் கண்ணை மூடச் சொல்வாங்க. பேப்பர் எவ்வளவு தூரம் நனையுதோ அதுதான் மார்க். எனக்கு அஞ்சுல நின்னுட்டு. பத்துக்கு மேல வரணுமாம்.

"உனக்கு ஏற்கெனவே ஈரம் கம்மி. ஆறு மாசம் மருந்து போடு, அப்புறம் பார்ப்போம். லேசர் வச்சா கொஞ்ச நாளைக்கு இன்னும் குறையும். நீ வேற கரண்டுக் காத்தாடி சுத்துற ஊர்க்காரன். கஷ்டப்படுவே"ன்னாங்க.

ஆறு மாசம்! செலக்சனுக்கு நாலு மாசம்தான் கிடக்கு.

அண்ணாச்சி, உங்களுக்கு எங்க கிரவுண்டைப் பத்தித் தெரியாது. வெயிட் பத்தாத பய காலையிலேயே பன்னிரண்டு வாழைப்பழம் தின்னு ரெண்டு செம்பு தண்ணி குடிச்சிட்டு மெஷின்ல ஏறுவான். உயரம் பத்தாதவன் முந்தின நாளெல்லாம் கம்பியில தொங்குவான். அளவெடுக்கிற வரைக்கும் உட்காரவே மாட்டான். டெஸ்ட்டுன்னா பாஸாகணும். எதுக்கு இந்த டெஸ்ட் வைக்காங்கன்னு யோசிக்கிறவன் வீட்டுல இருக்க வேண்டியதுதான்.

மூணு வாரம் கழிச்சு மறுபடி போனேன். பையில நாலு சின்ன உள்ளி, அதான் வெங்காயம். என் டோக்கனுக்கு முந்தின டோக்கனைக் கூப்பிட்டதும் கக்கூசுக்குள்ள போயி, நாலையும் கடிச்சு நசுக்கி உள்ளங்கையில தேய்ச்சு, கண்ணுக்கு நேரா பிடிச்சேன். அப்பா! தீ வச்ச மாதிரி. வெளியே வந்து உட்கார்ந்தேன். பேப்பர் வைக்கிற சிஸ்டர் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "யாருப்பா உள்ளி தின்னது?"ன்னு கேட்டுது.

"காலையில பழைய சோறு சிஸ்டர்."

பேப்பர் எவ்வளவு நனைஞ்சுதுங்கிறீங்க? முப்பது. பேப்பரே முடிஞ்சு போச்சு. டாக்டரம்மா ரெண்டு தடவை பார்த்தாங்க. "மருந்து நல்லா கேட்டிருக்கே"ன்னு சந்தோசப்பட்டாங்க. ஒரு வருசமா பவர் மாறலையேன்னு கேட்டாங்க. மாறலைன்னேன். கால் பவர் மாறியிருந்துச்சு. கால்தானே.

இப்பவும் சொல்லுதேன், அந்தக் கண்ணீர் டெஸ்ட்டுல எங்க கிரவுண்டுலயே நான்தான் முதல் மார்க். அப்படிப் பாஸான கண்ணு இப்ப இப்படிக் கிடக்குன்னா, அவங்கதானே ஆபரேசனை என்னமோ பண்ணியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க.

சரி, சொல்ல வேண்டாம்.

ஆபரேசன் ஒண்ணுமே இல்லை. ஒரு கண்ணுக்கு இருபது எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுது. முடி கருகின வாடை மட்டும் வந்துது. மறுநாள் காலையில எழுந்து வாசலுக்கு வந்தேன் பாருங்க. காத்தாடிக்கு மூணு இறக்கைன்னு எனக்குத் தெரியும். இறக்கை நுனியில சிவப்புக் கோடு இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரியும். எங்கம்மா மூக்குக்குக் கீழே ஒரு மச்சம். அதைச் சொன்னேன். "அது இப்பத்தான் தெரியுதாக்கும் துரைக்கு"ன்னு முந்தானையால மூடிக்கிட்டா. ரெண்டு வாரம் நான் ராசா.

அப்புறம் ஆனி பிறந்துது. காத்து பிறந்துது.

எங்க ஊர்க் காத்தை பஸ்ஸுல போறவங்க சொகமா இருக்குன்னு சொல்வாங்க. இருந்து பார்த்தாத்தான் தெரியும். ரெண்டு மலைக்கு நடுவுல எங்க ஊரு. ராத்திரி பகல்னு இல்லாம வீசும். கதவு, ஜன்னல், ஓட்டு இடுக்கு, எது வழியாவது வந்துரும். கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், கண்ணாடியில பார்த்தா ஒரு மண்ணும் இருக்காது. காலையில இமை ஒட்டிக்கிடும். வெடுக்குன்னு திறந்தா உரியும். அதனால விரலை எச்சில்ல நனைச்சுத் தடவித் தடவித்தான் திறப்பேன். பேன் போடக்கூடாது. புழுக்கத்துல கிடப்பேன், கதவைத் திறந்தா காத்து. அடுப்புப் பக்கம் போகக்கூடாது. போன் பார்க்கக்கூடாது. எங்கயாவது ஓடிப்போயிரலாம்னு தோணும். எங்கே போக? கண்ணைக் கழற்றி வீட்டுல வச்சிட்டா போக முடியும்?

டாக்டரம்மாகிட்டப் போனேன். லேசர் வச்ச இடத்துல, ஈரம் ஊறச் சொல்லித் தகவல் கொண்டு போற நரம்பு அறுந்திருக்கும், அது வளர மாசக்கணக்கா ஆகும்னாங்க. ஒரு குப்பி மருந்து எழுதினாங்க. அதுக்குப் பேரு என்ன தெரியுமா? செயற்கைக் கண்ணீர். கண்ணீரைக் கடையில விக்கான் அண்ணாச்சி! ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஊத்தணும். மூணு மாசம் மண்ணுல ஓடக்கூடாது. வெளியே போனா ரெண்டு பக்கமும் மூடின பெரிய கண்ணாடி போடணும்.

கண்ணாடியைக் கழற்றத்தானே நான் கண்ணையே வெட்டினேன்? அதை வாங்கவே இல்லை.

ஹவில்தார்கிட்டச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துட்டு, "லேசர்னு வாயைத் திறந்தே, அதோட முடிஞ்சுது. பிறவியிலயே நல்ல கண்ணுன்னு இரு"ன்னார்.

"ரூல்ல அப்படியா இருக்கு சார்?"

"ரூல் புக்கை நானா எழுதினேன்? ஊமையா இருடே."

ரூல் என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. போன்லயே கிடக்கும், வாசிச்சுப் பாருன்னு அம்மா சொன்னா. கண்ணு எரியும்போது அறுபது பக்கத்தை யாரு வாசிப்பா?

கண்ணாடி போனதுக்கு, கண்ணுக்குள்ள லென்ஸு போட்டிருக்கேன்னு பயலுவகிட்டச் சொல்லி வச்சேன். ஆனா கண்ணு சிவப்பை எப்படி மறைக்க? காலையில கிரவுண்டுக்கு வந்தா கோவைப்பழம். கூடவே அடிக்கடி ஒதுங்கி மருந்து ஊத்திட்டு வாரேன். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா பயலுவ என்ன நினைப்பானுவ? கஞ்சா. "லென்ஸு இப்ப வேற லென்ஸு போடுதான்டே"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். ஊரெல்லாம் பரவிட்டு. கஞ்சா இழுக்கிறவனும் கண்ணு சிவப்பைப் போக்கச் சொட்டு மருந்துதான் ஊத்துவானாம். அப்ப என் பையில இருக்கிற குப்பிதான் எனக்கு எதிரான சாட்சி. ஆபரேசன்னு சொன்னா கஞ்சாப் பேரு போயிரும், போலீஸ் போயிரும். சொல்லலைன்னா போலீஸ் இருக்கும், பேரு போயிரும். எந்தப் பக்கம் போனாலும் சுவரு.

நான் என்ன செய்தேன்னா, குப்பியில இருந்த லேபிளை நகத்தால சுரண்டிக் கிழிச்சுட்டேன். வறட்சிக்கு உள்ளதுன்னு அதுல எழுதியிருந்துது. யாராவது வாசிச்சுட்டா?

ஒரு நாள் குளிச்சிட்டு வாரேன், அம்மா என் சட்டையை மூக்குல வச்சு மோந்துக்கிட்டு நிற்கா. ஆபரேசனுக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவளே அவதான். "என்னம்மா பண்ணுதே?"ன்னேன். "வேர்வையான்னு பார்த்தேன் மக்களே"ன்னா. அப்புறம் சோறு போட்டுக்கிட்டே, "ஆபரேசன்னு சொல்லிரேன். ஆபீஸ்ல எல்லாவளும் என் பக்கத்துல உட்கார மாட்டேங்காளுவ"ன்னா. நான் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டேன். நான் செய்தது சரின்னு சொல்லலை. நடந்ததைச் சொல்லுதேன்.

ஒருத்தனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். ஆஸ்லின். என்கூட ஓடுறவன். கயிறு ஏறுறதுல குரங்கு. போன வருசம் ஒரு மார்க்குல விட்டுட்டு வந்தான். மாதா மேல சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னான். சொல்லவும் இல்லை. அது மட்டுமில்லை, குப்பியை அவன் பையில வச்சுக்கிடுதேன்னு அவனாத்தான் கேட்டான். "என் கண்ணு வெள்ளையா இருக்கு மக்கா, என்னை எவன் சந்தேகப்படுவான்?"னான். ரெண்டு மணி நேரம் ஆனா, "லேய், காப்பி குடிப்பமா?"ம்பான். அப்ப மருந்து நேரம்னு அர்த்தம். காப்பின்னா எனக்குச் சுத்தமா ஆகாது, எல்லாப் பயலுவளும் நான் காப்பிக்கு அடிமைன்னு நினைச்சானுவ.

இன்னைக்குச் செலக்சன். அங்கயிருந்துதான் வாரேன்.

காலையில ஓட்டம். ரெண்டாவதா வந்தேன். ஆஸ்லின் அஞ்சாவது. கயிறும் நீளத் தாண்டுறதும் அவனுக்கு மத்தியானத்துக்கு மேல. கிரவுண்டுல ஒரே புழுதி. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு, ஆனா சுத்தி ஆளு, காப்பி குடிக்க எங்க போக? அப்படியே கண்ணு டெஸ்ட் வரிசையில நின்னேன். ஆஸ்லின் எனக்குப் பத்தடி தள்ளிப் பைகளைச் சோதிக்கிற வரிசையில நின்னான். ஒரு ஏட்டு அவன் பையிலிருந்து குப்பியை எடுத்துத் தூக்கிப் பிடிச்சார்.

"இது என்னது?"

"கண்ணு மருந்து சார்."

"லேபிளை எங்க?"

ஏட்டு குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் கண்ணு பளிச்சுன்னு இருக்கே. யாருக்கு இது?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முறைச்செல்லாம் பார்க்கலை. காப்பி குடிப்பமான்னு கேட்கிற மாதிரிதான் பார்த்தான். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டி நிற்குது, எனக்கு அவன் முகம் சரியாத் தெரியலை. தெரிஞ்சுது. தெரியலைன்னு உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். தெரிஞ்சுது. நான் முன்னால நின்னவன் முதுகைப் பார்த்தேன்.

அவனை ஓரமாக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அடுத்தது நான். போர்டு அலையடிக்குது. கண்ணைச் சிமிட்டினா ஒரு விநாடி தெளியும், அந்த ஒரு விநாடிக்குள்ள ரெண்டு எழுத்து வாசிப்பேன். அப்படியே மேல் வரியெல்லாம் தாண்டிட்டேன். கடைசி வரியில நின்னுட்டு. அங்க இருந்த டாக்டர் என் இமையைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தார். "ஏன்டா இப்படிச் சிவந்திருக்கு?"

"ஒண்ணும் இல்லை சார், தூசி."

"பழக்கம் ஏதாவது உண்டா?"

"இல்லை சார்."

"கண்ணுல ஆபரேசன் ஏதும்? பண்ணியிருந்தா சொல்லிரு. பேப்பர் இருந்தா காட்டு, பார்த்து எழுதிக்கிடுதேன்."

பேப்பர் இந்தப் பையிலதான் இருந்துது. பிளாஸ்டிக் கவர்ல போட்டு அம்மா வச்சு விட்டா, கேட்டா காட்டிருன்னு. "இல்லை சார்"ன்னேன். மூணு தடவை கேட்டதுக்கும் பட்டுன்னு பதில் சொன்னேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வா, மறுபடி பார்ப்போம்னு அனுப்பிட்டார். எனக்கு இன்னொரு சான்ஸ் இருக்கு அண்ணாச்சி! வீட்டுல இன்னொரு குப்பி இருக்கு. ராத்திரி முழுக்க ஊத்திக்கிட்டு, விடியக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சா, கடைசி வரியையும் வாசிச்சிருவேன்.

ஆஸ்லினுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் எதுவும் செய்யலையே. அவங்களே பார்த்து விட்டிருவாங்க.

போன் அதிருது. அவன்தான். நாங்குநேரியில ஒரு மெசேஜ் வந்துது, வாசிக்கலை, இது ரெண்டாவது. எனக்கு எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு. நீங்க வாசிங்களேன். சத்தமா வேண்டாம். சரி, சத்தமாவே வாசிங்க.

"மக்கா, உன் பேரைச் சொல்லலை. வீட்டுக்குப் பேசிச் சீட்டை வரவழைன்னு போனைக் கையில தந்தாங்க. அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். உன் மருந்துச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அது போதும். கயிறு ஏற விட்டுருவாங்க."

அவ்வளவுதானா? கீழே ஒண்ணும் திட்டலையா? நல்லாப் பாருங்க.

சும்மா இருங்க அண்ணாச்சி. நீங்க அனுப்புன்னு சொல்வீங்கன்னு தெரியும். அம்மா கவர்ல வச்சு விட்ட அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? மேலே என் பேரு. கீழே என்னைக்கு லேசர் வச்சதுன்னு தேதி. அதை ஏட்டு பார்ப்பார், அந்த டாக்டர்கிட்டக் காட்டுவார். மூணு தடவை இல்லைன்னவன் யாருன்னு தெரிஞ்சு போகும். ஆஸ்லின் அடுத்த வருசமும் வரலாம். அவனுக்கு வயசு இருக்கு, கண்ணு இருக்கு. எனக்கு இந்தக் கண்ணோட அடுத்த வருசம்னு ஒண்ணு கிடையாது.

நான் அவன்கிட்ட என் குப்பியை வச்சுக்கோன்னு கேட்டேனா? அவனாத்தானே கேட்டான்?

என்ன பார்க்கீங்க? சரி, போட்டோ எடுக்கிறேன். எடுக்கிறதால என்ன. அந்த முனையைப் பிடிங்க, காத்து பிடுங்குது. விரலைக் கொஞ்சம் நகர்த்துங்க, தேதி மறையுது. ம். எடுத்துட்டேன். தெளிவா விழுந்திருக்கா? என் பேரு தெரியுதா? தெரியுதுல்லா.

வள்ளியூர் தாண்டிட்டு. மணி என்ன? நாலு நாற்பதா? இன்னும் இருபது நிமிசம் கிடக்கு. பணகுடி வரட்டும். பணகுடியில பஸ்ஸு நிற்கும், ஆடாம இருக்கும், அப்ப அனுப்புதேன். நீங்க சொன்னதுக்காகச் சொல்லலை, நானே நினைச்சதுதான்.

பணகுடியில ஏன் இவ்வளவு கூட்டம் ஏறுது?

அண்ணாச்சி, ஒண்ணு கேட்கிறேன். பேரை மட்டும் விரலால மறைச்சு எடுத்து அனுப்பினா ஒத்துக்கிடுவாங்களா? மாட்டாங்க. ஆமா, மாட்டாங்கதான்.

மறுபடியும் அதிருது. இதை வாசிக்க வேண்டாம். போன் உங்க கையிலயே இருக்கட்டும். இல்லை, தாங்க. நீங்க அனுப்பிருவீங்க.

இப்ப மணி என்ன? உங்க வாட்ச் வேகமா ஓடுதோ என்னவோ. காவல்கிணறு வந்தாச்சா? கோவில் மணி அடிக்குது, அது அஞ்சா, அதுக்கு முன்னாடி அடிக்கிறதா?

ஒரு தடவை விரலால தொட்டாப் போயிரும். போட்டோ இந்தா இருக்கு, பாருங்க, உங்க கட்டைவிரல் நகம்கூட ஓரத்துல விழுந்திருக்கு.

தொடலை.